ஒன்றரைக் கிலோமீட்டர்

சாவியைத் திருகினால் வண்டி சுற்றுகிறது, ஆனால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. முதல் தடவை சென்னியப்பன் அதை நம்பவில்லை. தான்தான் ஏதோ அவசரத்தில் சரியாகத் திருகவில்லை என்பதுபோலக் கையை எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் திருகினான். குர்குர்குர் என்று நல்ல தெம்பாகத்தான் சுற்றியது. அந்தச் சுற்றலுக்குள் எங்கோ ஒரு இடத்தில் பக்கென்று பற்றிக்கொள்ளுமே, அது மட்டும் இல்லை. ஆறு வருஷத்தில் இந்த வண்டி இப்படி ஒரு நாளும் செய்ததில்லை. ஐப்பசி மழையில் ராத்திரி முழுக்க நனைந்து கிடந்த நாளில் செய்ததில்லை, மூன்று நாள் கல்யாண ஓட்டம் ஓடி வந்து போட்ட மறுநாள் செய்ததில்லை. இன்றைக்கென்ன. மணி ஆறு பத்து. ஆறரைக்கு ரெஜினா வீட்டு வாசலில் நிற்க வேண்டும், ஏழரைக்கு ஈரோட்டில் அவளுக்கு மெஷின் போடுவார்கள். செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் மூன்று நாள் அந்தப் பெண்ணின் ரத்தம் உடம்பை விட்டு வெளியே போய்க் குழாய்க்குள் சுற்றிச் சுத்தமாகித் திரும்பி வர வேண்டும், அப்படித்தான் இரண்டு வருஷமாக அவள் உயிரோடு இருக்கிறாள், அப்படித்தான் கவுந்தப்பாடியில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு தடவை, ஊர்ப்பக்கம் பஸ்ஸும் காரும் ஓடாத நாளில், போக முடியாமல் போனது. மறுநாள் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, தண்ணிக்குள்ள உக்காந்து மூச்சு விடற மாதிரி இருந்துச்சுண்ணா என்று சொன்னாள். தண்ணிக்குள்ளே உட்கார்ந்து. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு நாளும் ஐந்து நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. தாமதிக்கவில்லை என்று நினைத்ததுமே சனிக்கிழமை வந்துவிட்டது. வேண்டாம், அது இப்போது வேண்டாம். வண்டியைப் பார்.

பேனெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு மயில்சாமிக்குப் போன் போட்டான். மயில்சாமி மெக்கானிக், கூடப் படித்தவன், ஒன்பதாவதோடு ரெண்டு பேரும் ஒன்றாகப் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். பல்லில் பிரஷ்ஷோடு பேசினான். “செல்ஃப் எடுக்குதா?” “நல்லாத்தான் சுத்துது. புடிக்க மாட்டீங்குது.” “பெட்ரோல் இருக்குதா, காத்துல ஓட்டறயா?” “பாதி டேங்க் காட்டுதுடா.” “முள்ளு காட்டறத நம்பாத. அது உன்னையாட்டந்தான், உள்ள ஒண்ணுமில்லீனாலும் நெட்டுக்குத்தலா நிக்கும்.” சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும். இவனுக்கு எப்படித் தெரியும், இவன் சும்மா சொல்கிறான், இவன் எப்போதும் இப்படித்தான் சொல்வான். “சாவிய ஒரு கட்டம் மட்டும் போட்டு, பின்சீட்டுப் பக்கம் காதக் குடு. பம்ப் முனகுதான்னு பாரு,” என்றான் மயில்சாமி. போட்டான். விளக்குகள் எல்லாம் எரிந்தன. பின்சீட்டில் முட்டி போட்டுக் குனிந்து காதை வைத்தான். சாவி போட்டதும் அங்கே அடியிலிருந்து ரெண்டு விநாடி ஒரு முனகல் வரும், தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர் முனகுவதுபோல. பெட்ரோல் பம்ப் எழுந்துவிட்டது என்று அர்த்தம். இத்தனை வருஷமாகக் கேட்டுக் கேட்டு, கேட்கிறோம் என்பதே மறந்துபோன சத்தம். இப்போது இல்லை. ரெக்சினின் நாற்றமும், ரெஜினாவின் கை பிளாஸ்திரியில் இருக்குமே அந்த மருந்து வாசமும் மட்டும் இருந்தன. இந்தச் சீட்டில்தான் சனிக்கிழமை அவள் படுத்துத் தூங்கிக்கொண்டு வந்தாள். மெஷினிலிருந்து எடுத்து விட்டால் அவளுக்குக் கண் சொருகிவிடும், வண்டி ஏறியதும் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொள்வாள், வீடு வந்து இவன் எழுப்பினால்தான் உண்டு. முனகலில்லை என்றான். “அப்ப பம்ப்புக்குக் கரண்டு போகல. ஃபியூஸப் பாரு, ரிலேயப் பாரு. நான் வாய் கொப்பளிச்சுட்டுக் கூப்பிடறேன்.”

கரண்டு போகவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கும். இரும்பும் ஒயரும் காரணமில்லாமல் நிற்காது, தேடினால் கிடைக்கும், அதுதான் வண்டியிடம் சென்னியப்பனுக்குப் பிடித்தது. ஃபியூஸ் டப்பாவைத் திறந்து பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தான். உள்ளே கம்பி முழுசாக இருந்தது. பம்ப் ரிலேயைக் கழற்றி ஹாரன் ரிலே இருந்த குழியில் குத்திவிட்டு ஹாரனை அமுக்கினான். பாம் என்று கத்தியது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “எங்கீங்க, ஏர்போர்ட்டுங்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். ஆக ரிலேயும் நல்லது. ஹாரன். சனிக்கிழமையும் ஒரு ஹாரன்தான். வாய்க்கால் பாலத்தின்மேல் வண்டி ஏறுகிறது, மத்தியான வெயிலில் தண்ணீர் தகடாக மின்னுகிறது, ஒரு பையன் எருமையைக் குளிப்பாட்டுகிறான், இவன் அந்த எருமையின் ஈரமான முதுகைப் பார்க்கிறான். அதற்குப் பிறகு பின்னாலிருந்து ஹாரன் கத்துகிறது, எதிரே பெட்ரோல் பங்கு. பாலத்துக்கும் பங்குக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. கத்தரித்து எடுத்துவிட்டு ரெண்டு முனையையும் ஒட்டினது மாதிரி. தூங்கிவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தான். காலையில் நாலரைக்கு எழுந்தது, சாப்பிட்டது ரெண்டு இட்லி. ஆனால் தூங்கினால் தலை சாயும், வண்டி ஓரம் போகும். சாயங்காலம் மனசு கேட்காமல் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போய் அளந்தான். பாலத்திலிருந்து பங்கு வரைக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர். நடுவில் ஒரு வளைவு, ஒரு வேகத்தடை, ஒரு பள்ளிக்கூடம். வேகத்தடையில் மெதுவாக்காமல் வந்திருந்தால் ரெஜினா விழித்திருப்பாள். அவள் விழிக்கவில்லை. அப்படியென்றால் யாரோ பிரேக் போட்டிருக்கிறார்கள், யாரோ கியர் மாற்றியிருக்கிறார்கள், வளைவில் யாரோ ஸ்டீரிங்கை வளைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒன்றரைக் கிலோமீட்டரை ஓட்டியது யார். சனிக்கிழமை சாயங்காலம் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்த பிறகுதான் சாவியைத் திருகினான். சொன்னால் என்னவாகும். யார் ஏறுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இவனைச் சென்னியப்பன் என்றுகூட ஊரில் சொல்வதில்லை, டிரைவர் வீடு, டிரைவர் சம்சாரம், டிரைவரைக் கூப்பிடு. ஓட்டவில்லை என்றால் இவனை என்னவென்று கூப்பிடுவார்கள்.

ஒயரை எலி கடித்திருக்கலாம். இந்தப் பக்கம் சர்க்கரை ஆலைகள் இருப்பதால் எலிக்குப் பஞ்சமில்லை. தரைக்கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கலாம் என்று முன்சீட்டுக்கு வந்து, வண்டி நகராமலிருக்க ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. எப்போதும் ஐந்தாவது பல்லில் கடித்து நிற்கும், இன்றைக்கு ஒன்பது ஏறியும் தொளதொளவென்று இருந்தது. கேபிள் இழுபட்டிருக்கிறது. யாரோ ஓடுகிற வண்டியில் முழு பலத்தோடு இழுத்தால்தான் இப்படி ஆகும். இவன் அப்படி இழுக்கிறவன் இல்லை. போன வாரம் சரியாகத்தானே இருந்தது. சனிக்கிழமைகூட. ஞாயிற்றுக்கிழமை பவானி போய் வந்தார்கள், இவனும் சம்சாரம் வசந்தாமணியும், அவள் அத்தை பேத்திக்குக் காது குத்து. அன்றைக்கு நடந்ததெல்லாம் நினைவிருக்கிறது. கரும்பு லாரியின் பின்னால் போனது, லாரியிலிருந்து தோகை பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டியது, பிறகு வசந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. ஏன் அழுதாள். அண்ணன் பேசவில்லை என்று அழுதாள். அப்படி அவள் சொன்னாளா, இல்லை இவன் கேட்டானா. தோகை ஒட்டியது, அவள் அழுதாள். தோகைக்கும் அழுகைக்கும் நடுவில். சென்னியப்பன் ஹேண்ட்பிரேக்கிலிருந்து கையை எடுத்தான், சுட்டதுபோல. இல்லை, கேபிள் பழசு, ஆறு வருஷத்துக் கேபிள். “டீ வெச்சிருக்கேனுங்க,” என்று வசந்தாமணி பேனெட் ஓரத்தில் டம்ளரை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். ஆவி பறந்தது. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறாள், நல்ல வாசம். போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வெளியே வந்து டம்ளரை எடுத்தான். வாயில் வைத்தால் டீ பச்சைத் தண்ணியாக ஆறிக் கிடந்தது, உதட்டில் ஆடை ஒட்டியது. இவள் எப்போதும் இப்படித்தான், ஆறவைத்துத்தான் கொண்டு வருவாள். நிமிர்ந்தால் குழாயடியில் இருந்தவள் எதிரே ஒரு முழ தூரத்தில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் திறந்தபடியே இருந்தது, குடம் நிறைந்து வழிந்து தண்ணீர் வாசல்வரை ஓடி வந்து இவன் செருப்பை நனைத்திருந்தது. குடம் வைத்ததும் இப்போதுதானே. “குழாய மூடு புள்ள,” என்றான். அவள் நகரவில்லை. போனைப் பார்த்தான். ரெஜினா ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். அடிக்கவே இல்லையே இது. சத்தத்தைப் பார்த்தான், முழுசாகத்தான் வைத்திருந்தது. மணி ஆறு முப்பத்தொன்று.

மயில்சாமி கூப்பிட்டான். “என்னடா ஆச்சு, ஃபியூஸா?” “ஃபியூஸு, ரிலே எல்லாம் சுத்தமா இருக்குது.” “ஒயரு?” “இன்னும் பாக்கல. எலி கடிச்சிருக்குமாட்ட.” மறுமுனையில் தண்ணீர் துப்புகிற சத்தம் கேட்டது. பிறகு மயில்சாமி சாவகாசமாகக் கேட்டான். “அந்தச் சுவிட்சப் பாத்தியா?” “எந்தச் சுவிட்ச்?” “அட, நான் வெச்சுக் குடுத்தனே. பழனி அடிவாரத்துல நம்ம ஸ்டாண்டு வண்டியொண்ணு களவு போச்சே, அப்ப வந்து அழுதயே, அந்தத் திருட்டுச் சுவிட்ச்.” சென்னியப்பனுக்குக் கோபம்தான் வந்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில், கதவோரம், கம்பளத்துக்குள் விரலை விட்டால் தட்டுப்படுகிற சின்னச் சுவிட்ச் அது. பம்ப்புக்குப் போகிற கரண்டை அறுக்கும். வெளியூரில், கோயிலில், ஆஸ்பத்திரி வாசலில் போட்டுவிட்டுப் போகும்போது மட்டும் அமுக்குவான். வீட்டில் அமுக்கியதே இல்லை. வீட்டில் யாரிடமிருந்து வண்டியைக் காப்பாற்ற வேண்டும். அதனால்தான் ஃபியூஸையும் ரிலேயையும் எலியையும் நினைத்தவன் அதை நினைக்கவே இல்லை, தன் வீட்டு வாசலில் வண்டி நின்றால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அந்தக் காரணம் இருக்க முடியாது. “அத எவன்டா தொடப் போறான்,” என்றான். “பாரேன். பாத்தா தேஞ்சா போயிருவ.” குனிந்து விரலை விட்டான். சுவிட்ச் கீழ்நோக்கிக் கிடந்தது. விரல் அங்கேயே நின்றுவிட்டது. நல்ல ஒயர், நல்ல ஃபியூஸ், நல்ல பம்ப், பாதி டேங்க் பெட்ரோல், எல்லாம் நன்றாக இருக்கிற வண்டியை ஒரு கை வேண்டுமென்றே அமர்த்தியிருக்கிறது. இந்தச் சுவிட்ச் இருப்பது உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும். ஒருவன் போனில் இருக்கிறான். ஒருவன் தரையில் முட்டி போட்டிருக்கிறான். நானே அமுக்கினேனா, ராத்திரி எழுந்து வந்து அமுக்கிவிட்டு, அந்த ஒன்றரைக் கிலோமீட்டரைப் போலவே இதையும்.  இனிமேல் எதைப் பார்த்தாலும் இப்படித்தான் கேட்க வேண்டியிருக்கும், இது நானா, இது நானா என்று. அந்தப் பயத்தைவிட மூன்றாவது ஆள் எவ்வளவோ மேல் என்று தலையைத் திருப்பினான். “அப்பறம் கூப்பிடறேன்,” என்று போனை வைத்தான்.

“நீ தொட்டயா?” என்றான். “ஆமாங்க,” என்றாள் வசந்தாமணி. மறைக்கப் பார்க்கவில்லை, குரல் தாழவும் இல்லை. “எதுக்கு?” அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஈரத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், இவன் முகத்துக்கு நேரே அவள் முகம் வந்தது. “ஞாயித்துக்கெழம நீங்க எங்கீங்க இருந்தீங்க?” “எங்க இருந்தேன். உன்ற கூடத்தான வண்டில இருந்தேன்.” “வண்டில இருந்தீங்க. எங்கூட இல்லீங்க.” கரும்பு லாரியின் பின்னால் போய்க்கொண்டிருந்தபோதாம். லாரி வேகத்தைக் குறைத்ததாம், இவன் குறைக்கவில்லையாம். கண் திறந்திருந்ததாம். “என்னுங்க, என்னுங்கன்னு கூப்புடறேன், வாய மென்னுட்டே இருக்கறீங்க, வெத்தல போட்டாப்புல. அந்தக் கம்பிய ரெண்டு கையிலயும் புடிச்சு இழுத்தேன். வண்டி குறுக்காலத் திரும்பி வேலியோரம் நின்னு அணைஞ்சு போச்சு.” சென்னியப்பன் அவள் சொல்வதை வேறு யாருக்கோ நடந்த கதையைப் போலத்தான் கேட்டான், அந்த ஆளைப் பார்த்துப் பரிதாபப்படக்கூடச் செய்தான். “எத்தன நேரம்?” “ரெண்டு லாரி தாண்டிப் போச்சுங்க. ரெண்டாவது லாரிக்காரன் தலைய நீட்டித் திட்டிட்டுப் போனான். அப்பறம் நீங்க பாட்டுக்கு வண்டிய எடுத்தீங்க. எடுத்துட்டு, எதுக்கு அழுவற, உன்ற அண்ணன் பேசலியான்னு கேட்டீங்க.” “சொல்லியிருக்கலாமல்ல.” “எப்படீங்க சொல்றது. சொல்லிப்போட்டா நெசமாயிருமாட்ட இருந்துச்சு.” பிறகு அவள் வாசலைக் காட்டினாள், வழிந்து கிடந்த தண்ணீரைக் காட்டினாள். “இப்பவுந்தானுங்க. டீய வெச்சுட்டுப் போயித் திரும்பறேன், டம்ளரப் புடிச்சுட்டு நிக்கறீங்க. மூணு தரம் கூப்பிட்டேன். போனு உங்க கையிலயே அடிச்சு அடிச்சு நின்னுது.” ஆறிய டீயின் ருசி இன்னும் நாக்கில் இருந்தது. இவன் அதற்கு அவளைத்தான் குற்றம் சொன்னான்.

விரல் தானாகச் சுவிட்சை மேலே தட்டியது. ஏன் தட்டினான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பேனெட்டை இறக்கி மூடிவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டான், பின்சீட்டுக்கு அடியில் முனகியது, திருகிய மாத்திரத்தில் பக்கென்று பிடித்துக்கொண்டது. என்ன ஒரு சத்தம். இத்தனை சுத்தமாக ஓடுகிற எஞ்சின் இந்த ஊரில் யாரிடம் இருக்கிறது. கியர்க் குமிழ் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது, கிளட்ச் காலுக்கு இறங்கியது, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன, எங்கே இருக்கிறது அந்த நோய். இன்றைக்கு ஒரு நாள் மட்டும். நாற்பதிலேயே போகலாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், வாயில் புளிப்பு மிட்டாய் போட்டுக்கொள்ளலாம், அந்தப் பெண் அங்கே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போய்த்தான் ஆக வேண்டும். இது தனக்காக இல்லை, அவளுக்காக என்று நினைத்தபோது நெஞ்சு இதமாகக்கூட இருந்தது. வசந்தாமணி கத்தவில்லை. வண்டிக்குக் குறுக்கே வந்து நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு வந்து இடது கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். ஈரப் புடவையைச் சுருட்டி முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டு, ஹேண்ட்பிரேக்கை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “போங்க. நான் வாரேன்,” என்றாள். விரல் முட்டிகள் வெளுக்க அவள் பிடித்திருந்த பிடியைச் சென்னியப்பன் பார்த்தான். இவன் ஓட்டினால் அவள் இப்படியே வருவாள், ஈரோடு வரைக்கும், வியாழக்கிழமையும், சனிக்கிழமையும். எந்த நிமிஷம் இழுக்க வேண்டும் என்று இவன் வாயையே பார்த்துக்கொண்டு. அந்தக் கேபிளில் இனி இழுக்க ஒன்றும் மிச்சமில்லை என்று அவளுக்குத் தெரியாது. எஞ்சினை அணைத்தான்.

மயில்சாமியை உடனே வரச் சொல்லிவிட்டு, ரெஜினாவுக்கும் அவனே கூப்பிட்டான். காய்ச்சல் என்று சொல்வதற்கு நாக்கு தயாராக இருந்தது. “கெளம்பீட்டீங்களாண்ணா?” “மயில்சாமி என்ற வண்டிய எடுத்துட்டு வருவான் சாமி. பத்து நிமிஷம் முன்னப் பின்ன ஆகும்.” “உங்களுக்கு என்னாச்சுங்ணா?” காய்ச்சல். “சனிக்கெழம உன்னையக் கூட்டிட்டு வாரப்ப, பாலத்துலருந்து பங்கு வரைக்கும் எனக்கு நெனவில்ல.”  அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது, ஒன்று, ரெண்டு, மூன்று. “நான் தூங்கிட்டிருந்தனே,” என்றாள். “ஆமா.” “பாலத்துலருந்தா?” “ஆமா.”  திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும். “இன்னைக்குச் செவ்வாக்கெழம, அங்க நரம்பு டாக்டரு வாராருங்ணா. எட்டு மணிக்கே டோக்கன் முடிஞ்சுரும். நீங்களும் வாங்க, அக்காளையும் கூட்டிக்குங்க,” என்று வைத்துவிட்டாள்.

மயில்சாமி பனியனோடு வந்தான், வழியில்தான் சட்டை போட்டான். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குனிந்து ஹேண்ட்பிரேக்கை ரெண்டு திருகு இறுக்கினான். பழக்கத்தில் வலது கதவுக்குப் போன சென்னியப்பனைப் பார்த்து, “முன்னாடி உக்காராத. ஸ்டீரிங்கப் புடிப்ப. பின்னாடி போ,” என்றான். சொந்த வண்டியின் பின்சீட்டில் சென்னியப்பன் உட்கார்ந்ததே இல்லை. ரெஜினா ஏறினாள், நடுவில் வசந்தாமணி, இந்த ஓரத்தில் இவன்.  இங்கிருந்து பார்த்தால் டிரைவரின் பிடரி மட்டும்தான் தெரிகிறது. சவரம் செய்யாத பிடரி, சட்டைக் காலரில் கிரீஸ் கறை. கண் தெரிவதில்லை. இத்தனை வருஷம் இந்தச் சீட்டில் ஏறியவர்களெல்லாம், கர்ப்பிணிகள், கல்யாணப் பெண்கள், ஆபரேஷன் முடிந்து தையலோடு வந்தவர்கள், இவனுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டுதான் கண்ணை மூடியிருக்கிறார்கள். அது நேராக நின்றால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். சித்தோட்டுக்கு முன்னால் ரோடு இறங்குகிறது, வேகம் கூடியது. வலது கால் தரையை அமுக்கியது, அங்கே ஒன்றும் இல்லை. “மயில்சாமி,” என்றான். “ம்.” “ஒண்ணுமில்ல.” ஒரு புளியமரம், ஒரு பஸ் நிறுத்தம். “மயில்சாமி.” “என்னடா?” “ஒண்ணுமில்ல, ஓட்டு.” ரெஜினா கண்ணை அகலத் திறந்து வைத்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பட்டா தோளிலேயே கிடந்தது. வளைவு வந்தது. “மயில்சாமி,” என்றான். பதில் வரவில்லை. பிடரி அசையவில்லை. ஒரு விநாடி, ரெண்டு விநாடி. வசந்தாமணி முன்சீட்டுகளுக்கு நடுவில் பாய்ந்து ஹேண்ட்பிரேக்கில் கையைப் போட்டாள், ரெஜினா ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன அந்தக் கையாலேயே முன்சீட்டைப் பிடித்தாள், சென்னியப்பனின் வலது கால் மறுபடியும் தரையை அமுக்கியது. “இருக்கறன்டா,” என்றான் மயில்சாமி. “ஆடு குறுக்க வந்துச்சு.”